கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை ஏன் இடித்தார்கள்? யூரோக் பழங்குடியின் மீனும் உரிமையும்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஓடும் கிளாமத் ஆற்றின் குறுக்கே இருந்த நான்கு அணைகளை 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இடித்து முடித்தார்கள். அந்த நாட்டின் வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய அணை அகற்றம் நடந்ததில்லை. அணை என்றாலே பாசனம், நெல், சோறு என்று நினைத்துப் பழகிய நமக்கு உடனே கேள்விகள் எழும். வறட்சி அடிக்கடி வரும் பகுதியில் அணையை இடிக்கலாமா? விவசாயி கதி என்ன? மீனுக்காகவா இத்தனையும்? இதைச் செய்தது அரசா, கம்பெனியா, பழங்குடிகளா?

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். இந்த நான்கில் ஒன்றுகூடப் பாசன அணை இல்லை, குடிநீர் அணையும் இல்லை. நான்கும் மின்சாரத்துக்காகக் கட்டியவை. வயல்களுக்குத் தண்ணீர் திருப்பும் கீனோ, லிங்க் ரிவர் என்ற இரண்டு அணைகள் இவற்றுக்கும் மேலே, ஓரிகன் மாநிலத்தில் இருக்கின்றன. அவற்றை யாரும் தொடவில்லை.

ஆறும் அதன் மக்களும்

கிளாமத் ஆறு ஓரிகனில் உள்ள மேல் கிளாமத் ஏரியில் தொடங்கி, வட கலிஃபோர்னியாவின் மலைகளைக் குடைந்துகொண்டு சுமார் 410 கிலோமீட்டர் ஓடி, ரெக்வா என்ற ஊரருகே பசிபிக் கடலில் கலக்கிறது. மேல்பகுதியில் கிளாமத், மோடாக் மக்கள், நடுவில் ஷாஸ்டா, காரூக் மக்கள், துணையாறான டிரினிட்டியில் ஹூப்பா மக்கள், கழிமுகத்தில் யூரோக் மக்கள் என்று ஆற்றின் நீளம் முழுக்கப் பழங்குடிகள் வாழ்கிறார்கள். அணைக்கு எதிரான போராட்டத்தில் இவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் யூரோக் மக்களைப் பற்றியது. 6,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களுடன் கலிஃபோர்னியாவிலேயே பெரிய பழங்குடி இவர்கள். இவர்களுடைய ஒதுக்கீட்டு நிலத்தின், அதாவது பழங்குடிக்கென்று சட்டப்படி ஒதுக்கிய பகுதியின், வடிவமே ஆற்றின் வடிவம்தான். கடலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தூரத்துக்கு, ஆற்றின் இரு கரையிலும் ஒவ்வொரு மைல் அகலம். அவ்வளவுதான் நிலம்.

சால்மனுக்கு என்ன வேண்டும்?

சால்மன் ஆற்றில் பிறக்கிறது, கடலில் வளர்கிறது, முட்டையிட மறுபடி பிறந்த ஆற்றுக்கே ஏறி வருகிறது. நம் நாட்டில் இதற்குக் கிட்டத்தட்ட ஒப்பான மீன் இலிஷ், தமிழில் உள்ளம் மீன். முன்பு இலிஷ் கங்கையில் அலகாபாத் வரை ஏறியது. 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின் அந்த ஏற்றம் ஒடுங்கிப்போனது. அங்கே இலிஷுக்கு நேர்ந்ததை மனத்தில் வைத்துக்கொண்டால் கிளாமத் எளிதாகப் புரியும்.

சினூக் என்ற பெரிய வகை சால்மன் மூன்று நான்கு வயதில் ஆற்றுக்குத் திரும்புகிறது. அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். முட்டையைப் புதைக்கக் கோலிக்குண்டிலிருந்து எலுமிச்சை அளவு வரை உருண்ட கூழாங்கற்கள் வேண்டும். அந்தக் கற்களின் இடுக்கில் ஆக்ஸிஜன் நிறைந்த நீர் ஓடவேண்டும். முட்டையிட்டதும் தாய்மீன் இறந்துவிடும். அதன் உடலை ஓடைப் பூச்சியும் கரடியும் கழுகும் தின்கின்றன, மிச்சம் கரையோர மரத்துக்கு உரமாகிறது. கடலின் சத்தை மலைக்காட்டுக்குச் சுமந்துபோவது இந்த மீன்தான். ஆகவே சால்மன் குறைந்தால் மீன் சந்தையோடு சேர்ந்து காடும் இளைக்கும்.

ஒரு காலத்தில் அமெரிக்க மேற்குக் கரையில் சால்மன் அதிகம் வந்த ஆறுகளில் கொலம்பியா, சாக்ரமெண்டோவுக்கு அடுத்த இடம் கிளாமத்துக்குத்தான்.

பத்து நாள் தடுப்பு

யூரோக் மக்களும் இந்த ஆற்றின் குறுக்கே ஆண்டுதோறும் ஒரு தடுப்பு கட்டியவர்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கெப்பல் என்ற ஊரில், மரக்கம்புகளையும் தட்டிகளையும் வைத்து, ஆற்றின் முழு அகலத்துக்கும் கட்டுவார்கள். சடங்குத் தலைவர் ஒருவர் சொல்படி பத்து நாளில் கட்டி முடிக்கவேண்டும். பத்து நாள் மீன் பிடிக்கலாம். அப்புறம் தடுப்பைப் பிரித்துவிடவேண்டும்.

ஏன் பத்து நாள்? மேலே காரூக் ஊர்கள் இருக்கின்றன, அதற்கும் மேலே கிளாமத் ஊர்கள். அவர்களும் சாப்பிடவேண்டும். அதற்கும் மேலாக, ஓடைகளுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் மீன் முட்டையிடும், நான்கு வருடம் கழித்து வரப்போவது அந்த முட்டைதான். சடங்கு என்று நாம் எளிதாகக் கடந்துவிடும் ஒன்றுக்குள் பிடிக்கும் அளவு, காலம், பங்கீடு மூன்றையும் கட்டுப்படுத்தும் ஒரு மீன்வளச் சட்டமே இருந்தது. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். இந்த மக்கள் ஆற்றைத் தள்ளி நின்று பாதுகாக்கவில்லை. மீனைப் பிடித்து உண்பவர்கள் அடுத்த வருடமும் உண்ணவேண்டும் என்பதற்காகக் காத்தார்கள்.

நான்கு அணைகள் செய்தது என்ன?

காப்கோ 1 அணை 1918-இலும், காப்கோ 2 அணை 1925-இலும், ஜே.சி. பாயில் அணை 1958-இலும் வந்தன. கடைசியாக 1960-களின் தொடக்கத்தில் அயர்ன் கேட். கீழ்க்கோடியில் நின்ற அயர்ன் கேட், சுமார் 53 மீட்டர் உயர மண் அணை. அதில் மீன் ஏணி கிடையாது. மீன் ஏணி என்றால், மீன் படிப்படியாகத் துள்ளி ஏறி அணையைத் தாண்டும்படி கட்டிய தொட்டி வரிசை. கீழ் அணையிலேயே வழி இல்லாததால் மேலே என்ன வசதி இருந்தும் பயனில்லை. பாதிப்புகள் இவை:

1. வழி அடைந்தது. அணைகளுக்கு மேலே 640 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆறும் ஓடைகளும் சால்மனுக்கு எட்டாமல் போயின. முதல் அணையின் கட்டுமானத்தோடு, 1912-க்குப் பிறகு, கிளாமத் மக்களின் பகுதிக்குச் சால்மன் வரவே இல்லை. மூன்று நான்கு தலைமுறைகள் தங்கள் ஆற்றின் மீனைத் தங்கள் ஊரில் பார்க்காமலே வாழ்ந்து முடிந்தன.

2. தண்ணீர் சூடானது. தேங்கிய நீர் கோடை முழுவதும் வெயிலைக் குடித்து, மீன் ஏறும் இலையுதிர் காலத்திலும் சூடாகவே வெளியே வந்தது.

3. பாசி பெருகியது. காப்கோ, அயர்ன் கேட் நீர்த்தேக்கங்களில் நீலப்பச்சைப் பாசி கோடைதோறும் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் படர்ந்தது. அதில் ஒரு வகை ஈரலைத் தாக்கும் நச்சைச் சுரப்பது. தண்ணீரில் இறங்காதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டியிருந்தது. ஆற்றில் இறங்கிக் குளிப்பது சடங்கின் பகுதியாக உள்ள மக்களுக்கு இது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

4. நோய் குடியேறியது. இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

செரட்டோனோவா ஷாஸ்டா என்று ஓர் ஒட்டுண்ணி. அது மீனிலிருந்து மீனுக்கு நேரடியாகத் தொற்றாது. ஆற்றடியில் வாழும் ஒரு சின்னஞ்சிறு புழுவின் உடலில் ஒரு பருவம், மீனின் குடலில் மறு பருவம் என்று அதன் வாழ்க்கை. வெள்ளம் வந்து கற்களைப் புரட்டும் ஆற்றில் இந்தப் புழு நிலைக்காது. அணை வெள்ளத்தையும் தடுத்தது, புதுக் கற்கள் வருவதையும் தடுத்தது. அயர்ன் கேட்டுக்குக் கீழே ஆற்றடி அசையாமல் கிடந்தது, புழு பெருகியது. ஏற வழியில்லாத மீன்களும் அதே இடத்தில் கூட்டமாக முட்டையிட்டு, அங்கேயே இறந்தன. அவற்றின் உடலிலிருந்து கிருமி புழுவுக்குப் போகும். வசந்தத்தில் புழுவிலிருந்து குஞ்சுக்கு வரும். தாய் இறந்த இடமே பிள்ளைக்கு நோய்க்கிடங்காகிவிட்டது. 2021 மே மாதம், கடலுக்கு இறங்கும் குஞ்சுகளைக் கணக்கெடுத்த யூரோக் மீன்வளத் துறையினர், பொறியில் அகப்பட்டவற்றில் பெரும்பகுதி செத்துக் கிடப்பதைக் கண்டார்கள்.

உரிமை என்பதன் பொருள்

அணை ஏன் கெடுதல் என்பது விஞ்ஞானம். ஆனால் கெடுதல் என்று நிரூபித்துவிட்டால் மட்டும் எந்த அணையும் இடிந்துவிடாது. கேட்பவருக்குச் சட்டத்தில் ஓர் இடம் வேண்டும். யூரோக் மக்கள் அந்த இடத்தைப் பிடித்த வரலாறுதான் இந்த விஷயத்தின் நடு நரம்பு.

அமெரிக்கச் சட்டத்தில் 'விட்டுக்கொடுக்காத உரிமை' என்று ஒரு கருத்து உண்டு. ஒரு பழங்குடிக்கு ஒதுக்கீட்டு நிலம் அமைக்கும்போது, அங்கே மீன் பிடிப்பதும் வேட்டையாடுவதும் அரசு அளித்த சலுகை ஆகாது. அது முன்பே அவர்களிடம் இருந்தது, அவர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சலுகை என்றால் நாளை பறிக்கலாம். உரிமை என்றால் காரணம் சொல்லவேண்டியது அரசு.

யூரோக் ஒதுக்கீட்டு நிலம் 1855-இல் அமைந்தது. ஆனாலும் 1930-களில் கலிஃபோர்னியா மாநிலம் அவர்கள் வலை போடுவதைத் தடைசெய்தது. அப்புறம் பல வருடம் இரவில் ஒளிந்து மீன் பிடிக்கும் நிலை. 1969-இல் ரேமண்ட் மாட்ஸ் என்ற யூரோக் மீனவரின் ஐந்து வலைகளை மாநில வனவிலங்கு அதிகாரி பறித்தார். வலையைத் திருப்பிக் கேட்டு மாட்ஸ் வாதாடிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த நிலம் இன்னமும் பழங்குடி நிலமே என்று 1973-இல் தீர்ப்பு வந்தது.

அதோடு முடியவில்லை. 1978-இல் மத்திய அரசே மீன் குறைந்துவிட்டது என்று சொல்லி, யூரோக் மக்களின் வணிக மீன்பிடிப்புக்குத் தடை போட்டது. ஆயுதம் தாங்கிய மத்திய அதிகாரிகள் படகில் வந்து வலைகளைப் பறித்தார்கள், ஆட்களைக் கைது செய்தார்கள். கடலில் பெரிய படகுகள் அதே மீனைப் பிடித்துக்கொண்டிருந்தன. மேலே அணைகள் நின்றுகொண்டிருந்தன. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த சுமை மட்டும் கழிமுகத்தில் வலை போட்ட குடும்பங்களின் தலையில் விழுந்தது. இது அநியாயம். 1987-இல்தான் அந்தத் தடை விலகியது.

1993 முக்கியமான வருடம். பிடிக்கத்தக்க கிளாமத் மீன்களில் 50 சதவீதம் வரை பழங்குடிகளின் பங்கு என்று, பழங்குடி விவகாரங்களையும் கவனிக்கும் மத்திய உள்துறையின் சட்டக் கருத்து வெளியானது. அதே வருடம் யூரோக் மக்கள் தங்களுக்கென அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் சொந்த மீன்வளத் துறையையும் வளர்த்தார்கள். மீன் எண்ணுவது, நீரின் வெப்பத்தை அளப்பது, நோயுற்ற குஞ்சைச் சோதிப்பது எல்லாம் அவர்களுடைய ஆட்களே செய்தார்கள். பாதி மீன் எங்களுடையது என்றால், மீன் ஏன் இல்லை என்று கேட்கும் உரிமையும் எங்களுடையதுதான் என்பது அவர்கள் நிலை. பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி கிடைத்தது அதனால்தான்.

2002 செப்டம்பர்

2001 வறட்சியில், அழியும் நிலையில் இருந்த மீன்களுக்காக மேல்பகுதி வயல்களுக்குப் போகும் தண்ணீர் நிறுத்தப்பட்டது. விவசாயிகள் பெரும் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் இழப்பும் உண்மையானது. அடுத்த வருடம் வயல்களுக்குத் தண்ணீர் போனது, கீழே ஆறு வற்றியது. செப்டம்பரில் சினூக் கூட்டம் கழிமுகத்தில் நுழைந்தபோது நீர் குறைவாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. நெருக்கிக்கொண்டு நின்ற மீன்களிடையே செவுளைத் தின்னும் நோய் பரவியது. சில நாட்களில் குறைந்தது 34,000 மீன்கள் செத்து மிதந்தன என்று மாநில மீன்வளத் துறை கணக்கிட்டது. உண்மை எண்ணிக்கை இதைவிடப் பெரிது என்பது அவர்களே ஒப்புக்கொண்ட விஷயம். செத்தது பெரும்பாலும் யூரோக் நிலத்தின் கரையோரம். அந்த நாற்றத்தை நேரில் அனுபவித்த அன்றைய சிறுவர்களில் சிலர்தான் பின்னாளில் அணை எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றார்கள்.

2002-க்கு நேர்க் காரணம் அந்த நான்கு அணைகள் மட்டும் என்று சொல்வது சரியாகாது. தண்ணீர்ப் பங்கீடு முதல் காரணம். ஆனால் ஆறு எவ்வளவு நலிந்துவிட்டது என்பதை அது ஊரறியச் செய்தது.

கம்பெனி எப்படிச் சம்மதித்தது?

அமெரிக்காவில் நீர்மின் அணைக்கு உரிமம் உண்டு, அதற்குக் காலாவதியும் உண்டு. கிளாமத் அணைகளின் 50 வருட உரிமம் 2006-இல் முடிந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் மீன் ஏறும் வழி அமைக்கவேண்டும் என்று மத்திய மீன்வள அமைப்புகள் நிபந்தனை போட்டன. இங்கேதான் கணக்கு மாறியது. நான்கு அணைகளும் சேர்ந்து தரக்கூடிய மின்சாரம் 170 மெகாவாட்டுக்கும் குறைவு, உரிமையாளரான பசிஃபிகார்ப் கம்பெனியின் மொத்த உற்பத்தியில் 2 சதவீதத்துக்கும் கீழே. அதற்காக ஏணி கட்டி, நீர்த்தரத்தைச் சரிசெய்து ஓட்டுவதைவிட இடிப்பதே மலிவு.

ஆனால் கணக்கு தானாகக் கண்ணில் படவில்லை. 2004-இல் யூரோக், காரூக், ஹூப்பா, கிளாமத் மக்கள், அன்று பசிஃபிகார்ப்பின் தாய் நிறுவனம் இருந்த ஸ்காட்லாந்துக்கே போய்ப் பங்குதாரர் கூட்டத்தில் முறையிட்டார்கள். 2006-இல் வாரன் பஃபெட்டின் நிறுவனம் அதை வாங்கியபின், அந்த நிறுவனத்தின் தலைமையகம் உள்ள ஒமஹா நகரத்துக்குப் போனார்கள். 2010-இல் ஒப்பந்தம் வந்தது. நாடாளுமன்றம் ஒப்புதல் தராததால் அது முடங்கியது. 2016-இல் நாடாளுமன்றத்தின் தயவு தேவைப்படாதபடி ஒப்பந்தத்தைத் திருத்தி, ஆறு கடலில் கலக்கும் ரெக்வாவில் கையெழுத்திட்டார்கள். 45 கோடி டாலர் நிதியில் 20 கோடி மின் நுகர்வோரிடமிருந்து, 25 கோடி கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து அனுமதித்த நீர்நிதிப் பத்திரத்திலிருந்து. கடைசி அனுமதி 2022 நவம்பரில் வந்தது.

இடித்தபோது நடந்தது

2023-இல் சிறிய அணையான காப்கோ 2 போனது. 2024 ஜனவரியில் மற்ற மூன்றின் மதகுகளையும் திறந்து நீரை வடித்தார்கள். பல பத்தாண்டு வண்டல் கரைந்து ஆறு சாக்லேட் நிறத்தில் ஓடியது. நீர்த்தேக்கத்தில் வாழ்ந்த வெளிநாட்டு மீன்கள் செத்தன, சில மான்கள் சேற்றில் சிக்கி இறந்தன. பிப்ரவரி இறுதியில் ஒரு பெரிய தவறும் நடந்தது. மாநில மீன் பண்ணையிலிருந்து ஓடையில் விட்ட சுமார் 8,30,000 சினூக் குஞ்சுகளில் மிகப்பெரும் பகுதி, அயர்ன் கேட் அணையின் அடிச் சுரங்கத்தைக் கடக்கையில் அழுத்த மாற்றம் தாங்காமல் மடிந்தது. இவற்றை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மை ஆகாது. நூறு வருடக் காயத்தைக் கீறினால் கொஞ்ச நாள் வலிக்கும் என்பதைத் திட்டமிட்டவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள், குளிர்காலத்தில் நீரை வடித்ததும் அதனால்தான்.

வெளியே தெரிந்த நிலம் சுமார் 2,200 ஏக்கர். அப்படியே விட்டால் வெளியூர்க் களைகள் மூடிவிடும். அதற்காகப் பல வருடம் முன்பிருந்தே யூரோக் குழுக்கள் மலைமலையாகச் சுற்றி, கிட்டத்தட்ட நூறு வகை உள்ளூர்ச் செடிகளின் விதையைக் கையால் சேகரித்தார்கள். பண்ணைகளில் பெருக்கியபின் அவை பல நூறு கோடி விதைகளாயின. நீர் வடிந்த கையோடு, ஈரம் காயும் முன்பே தூவினார்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் இடிப்பு வேலை முடிந்தது. அதே மாதம் 16-ஆம் தேதி, ஓரிகனில் பாயில் அணை நின்ற இடத்துக்கும் மேலே உள்ள ஓடையில் ஒரு சினூக் தென்பட்டது. 112 வருடம் கழித்து. யாரும் கொண்டுபோய் விடவில்லை, தானாக ஏறிய மீன். 2025 இலையுதிர் காலத்தில் கீனோ, லிங்க் ரிவர் அணைகளின் ஏணிகளையும் தாண்டி மேல் கிளாமத் ஏரிக்கும், அதில் கலக்கும் வில்லியம்சன், ஸ்பிரேக் ஆறுகளுக்கும் சினூக் போய்ச் சேர்ந்தது.

ஆற்றோடு நிற்காத வேலை

யூரோக் மக்கள் ஆற்றைத் தனியாகவும் காட்டைத் தனியாகவும் பார்ப்பதில்லை. இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

புளூ ஓடை என்பது கிளாமத்தின் கீழ்ப்பகுதியில் கலக்கும் குளிர்ந்த ஓடை. கடலிலிருந்து வரும் சால்மன் அதன் வாயில் இளைப்பாறி உடலைக் குளிர்வித்துக்கொண்டு மேலே போகும். அந்த ஓடை பாயும் மலை நூறு ஆண்டுக்கும் மேலாக மரக் கம்பெனிகளின் கையில் இருந்தது. மண்பாதை வெட்டி, மரம் சாய்த்து, வண்டல் ஓடையில் விழுந்தது. பல வருட முயற்சிக்குப் பிறகு 2025 ஜூனில் சுமார் 47,000 ஏக்கர் நிலம் யூரோக் மக்களிடம் திரும்பி வந்தது. கலிஃபோர்னியாவில் பழங்குடிக்குத் திரும்பிய நிலங்களில் இதுவே பெரிது. நிலம் கையில் வந்ததால்தான் பாதைகளை மூடவும், முறையாகத் தீ வைத்துப் புல்வெளியை மீட்கவும் முடிகிறது.

இரண்டாவது, கலிஃபோர்னியப் பிணந்தின்னிக் கழுகான காண்டோர். சிறகு விரித்தால் மூன்று மீட்டர் அளவு. யூரோக் மொழியில் ப்ரே-கோ-நீஷ். உலகைப் புதுப்பிக்கும் நடனத்தில் அதன் இறகு வேண்டும். 1890-களுக்குப் பிறகு அந்தப் பகுதியில் அது இல்லை, 1982-இல் உலகிலேயே 22 பறவைகள்தான் மிஞ்சியிருந்தன. எந்த உயிரை முதலில் திருப்பிக் கொண்டுவரலாம் என்று 2003-இல் பெரியவர்கள் கூடிப் பேசியபோது காண்டோர் என்று முடிவானது. ரத்தப் பரிசோதனை, உணவு ஆய்வு, அனுமதிகள் என்று கிட்டத்தட்ட இருபது வருடம் போனது. 2022 மே 3 அன்று முதல் இரண்டு பறவைகள் கூண்டிலிருந்து வெளியே பறந்தன. இவற்றின் முதல் எதிரி ஈயம். ஈயக் குண்டு பட்ட மானின் மிச்சத்தைத் தின்று நஞ்சேறிச் சாகின்றன. ஆகவே கழுகைக் காக்கும் வேலை வேட்டைக்காரர்களிடம் செம்புத் தோட்டாவுக்கு மாறச் சொல்வதில் தொடங்குகிறது. வேட்டையாடும் சமூகமே அதைச் சொல்வதால் கேட்கிறார்கள்.

இன்னும் தீராதவை

மேல் கிளாமத் ஏரியில் வண்டலும் உரச்சத்தும் சேர்ந்து கோடைதோறும் பாசி பூக்கிறது. கீனோவின் ஏணி பழையது. டிரினிட்டி ஆற்றின் நீரில் ஒரு பங்கு மலையைக் குடைந்து கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு வயல்களுக்குப் போகிறது. வறட்சி ஆண்டில் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்ற சண்டையும் அப்படியே இருக்கிறது. 2019-இல் யூரோக் மன்றம் கிளாமத் ஆற்றுக்குச் சட்டப்படி ஒரு நபருக்குரிய தகுதியை அறிவித்தது. அவர்களுடைய நீதிமன்றத்தில் அது செல்லும், வெளியே எவ்வளவு தூரம் செல்லும் என்பது இனித்தான் தெரியவரும்.

மீனும் உடனே பெருகிவிடாது. 2023 ஆகஸ்டில், கழிமுகத்தருகே உள்ள கிளாமத் என்ற ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் சால்மன் திருவிழாவில் பரிமாற சால்மன் இல்லை. தங்களுக்குச் சேரவேண்டிய பங்கைக்கூட அந்த வருடம் யூரோக் மக்கள் ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள். 2024 இலையுதிர் காலத்தில் அணைகளுக்கு மேலே ஏறிய மீன்கள் இட்ட முட்டைகள் 2025-இல் குஞ்சுகளாகிக் கடலை நோக்கி இறங்கின. அவற்றில் பிழைத்தவை மூன்று வயதில் திரும்பினால் 2027, நான்கு வயதில் என்றால் 2028. கழிமுகத்தில் யூரோக் மீன்வளத் துறையினர் எண்ணக் காத்திருப்பது அந்த மீன்களைத்தான்.